விளக்குப் போடாமல் படம் பிடித்தவர்

சென்ற ஆண்டு எங்கள் நாடக இரவில் நான் செய்த தவற்றிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். படம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. என் மாமாவின் பழைய கையடக்க பிலிம் கேமராவைக் கொண்டு போயிருந்தேன். தாயை இழந்த மகன் மேடையில் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி. விளக்குகள் மங்கியிருந்தன. நான் பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் போதவில்லை என்று கேமரா தானாகவே பிளாஷ் அடித்தது. நடித்துக்கொண்டிருந்த அண்ணன் திடுக்கிட்டு வசனத்தை மறந்தார். மண்டபத்தில் சிரிப்பொலி. மூன்று மாத ஒத்திகை ஒரு நொடியில் கலைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிளாஷ் இல்லாமல், இருக்கும் வெளிச்சத்திலேயே படம் எடுக்க எந்தக் கேமரா நல்லது என்று அதன் பிறகு தேடினேன். அந்தத் தேடலில் கிடைத்தவர்தான் டாக்டர் எரிக் சாலமோன். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியைக் கேட்டு, விடையையும் கண்டவர் அவர்.

எரிக் சாலமோன் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பெர்லின் நகரில் வசதியான யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தார். விலங்கியல், பொறியியல் எனத் துறைகள் மாறி, கடைசியில் சட்டம் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர் மூண்டதும் படையில் சேர்க்கப்பட்டார். 1914இல் பிரான்சில் நடந்த மார்ன் போரில் பிடிபட்டுச் சுமார் நான்கு ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். முகாமில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே கைவந்த பிரெஞ்சு மொழி பின்னாளில் அவருக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டது.

போர் முடிந்து ஊர் திரும்பியவரை வறுமை எதிர்கொண்டது. ஜெர்மனியின் கடும் பணவீக்கத்தில் குடும்பச் செல்வம் கரைந்து போனது. சாலமோன் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வாடகைக்கு விட்டார். பயணம் செய்யும்போதே சட்ட ஆலோசனையும் வழங்கப்படும் என்று விளம்பரம் செய்தார். நமக்கு அது சிரிப்பாக இருக்கலாம். ஆனால், படித்த படிப்பை எந்த வேலையிலும் பயன்படுத்தத் தெரிந்த மனம் அது. பிறகு உல்ஸ்டைன் என்ற பெரிய பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே வழக்குகளுக்குச் சான்றாகப் படங்கள் தேவைப்பட்டன. அதற்காகவே முதன்முதலில் கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அக்காலத்தில் மண்டபத்துக்குள் படம் எடுப்பதென்றால் மக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். பெரிய ஒளி, புகை, நெடி. எல்லோரும் முன்கூட்டியே நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்வார்கள். அதனால் செய்தித்தாளில் வந்த தலைவர்கள் எல்லாரும் சிலைகளைப் போலவே தெரிந்தார்கள்.

சாலமோனுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா. சட்டைப்பையில் அடங்கும். ஒரே படச்சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். ஆனால் அதன் வில்லையின் துளை அளவு எஃப் 3.5. மற்றொன்று, டிரெஸ்டன் நகரின் எர்னமான் நிறுவனம் 1924இல் வெளியிட்ட எர்மனாக்ஸ். லுட்விக் பெர்டெலெ வடிவமைத்த அதன் வில்லை எஃப் 2. பிறகு எஃப் 1.8 வில்லையும் வந்தது. இந்த எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது என்று பொருள். எஃப் 4.5 வில்லையோடு ஒப்பிட்டால் எஃப் 2 வில்லை சுமார் 5 மடங்கு ஒளியை உள்ளே விடும். லைக்காவின் வில்லையோடு ஒப்பிட்டாலும் அது சுமார் 3 மடங்கு.

ஆனால் எர்மனாக்ஸில் சிரமம் அதிகம். அதில் படச்சுருள் கிடையாது. 4.5க்கு 6 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். துளை பெரிதாக இருப்பதால் மூக்கு தெளிவாக விழுந்தால் காது மங்கிவிடும். அறைக்குள் பல வேளைகளில் அரை நொடியோ அதற்கு மேலோ ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். எனவே முக்காலி தேவை. இத்தனையும் தெரிந்தே 1927இல் அவர் எர்மனாக்ஸைத் தேர்ந்தெடுத்தார். வசதியை விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை வாங்கினார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

1928இல் பெர்லின் நீதிமன்றம் ஒன்றில் கேமராவைத் தொப்பிக்குள் மறைத்து, தொப்பியில் ஒரு துளையிட்டு விசாரணையைப் படமெடுத்தார். படங்கள் பெர்லினின் புகழ்பெற்ற படவார இதழில் வெளிவந்தன. அவர் அலுவலக வேலையை விட்டுவிட்டு முழுநேரப் படச் செய்தியாளரானார். அதே ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பாரிசில், போரைக் கைவிடும் கெல்லாக் - பிரியான் ஒப்பந்தம் கையெழுத்தானது. சாலமோன் நேர்த்தியான உடையில் உள்ளே நுழைந்து, போலந்துப் பேராளருக்குரிய காலி இருக்கையில் அமர்ந்து படம் எடுத்தார். அவரது உடையையும் நடையையும் மொழியையும் கண்ட காவலர்கள் அவரையும் ஒரு பேராளர் என்றே எண்ணினர்.

1930 ஜனவரியில் ஹேக் நகரில் ஜெர்மனியின் போர் இழப்பீடு குறித்த மாநாடு நடந்தது. நள்ளிரவு கடந்த வேளை. சோபாவிலும் நாற்காலிகளிலும் அமைச்சர்கள் களைத்துச் சாய்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் தலைவிதியைப் பேசியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்களைப் போலக் கண்ணயர்கிறார்கள். அரை நொடி அசையாமல் இருப்பவர்களைத்தான் அந்தக் கேமராவால் பிடிக்க முடியும். சோர்வே அவர்களை அசையாமல் வைத்தது. கருவியின் குறையை அவர் பொறுமையால் ஈடுசெய்தார்.

நாளடைவில் அவர் ஒளிந்துகொள்ளத் தேவையில்லாமல் போயிற்று. 1931இல் பாரிசில் நடந்த ஒரு விருந்தில் பிரெஞ்சுத் தலைவர் பிரியான் அவரைக் கண்டுகொண்டு, இதோ வந்துவிட்டார் என்பதுபோல் விரலை நீட்டினார். அந்த விரலையும் சாலமோன் படமாக்கிவிட்டார். லண்டன் இதழ் ஒன்று இவரது படங்களுக்காகவே சூட்டிய ஆங்கிலப் பெயர்தான் இன்று நாம் சொல்லும் ‘கேண்டிட்’ படம். 1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற அமர்வையும், கை உடைந்தவர்போல் கட்டுப் போட்டு அதில் கேமராவை மறைத்துப் படமெடுத்தார். சட்டம் படித்தவரே நீதிமன்ற விதியை மீறியது சரியா என்று என்னால் இன்னும் முடிவுக்கு வர இயலவில்லை. ஆனால் அவர் யாரையும் இழிவுபடுத்தும் படம் எடுக்க முயன்றவர் அல்லர் என்பதை அவரது படங்களே காட்டுகின்றன. வேகமான வில்லைகள் லைக்காவுக்கும் வந்த பிறகு அவரும் லைக்காவுக்கு மாறினார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சாலமோன் தம் மனைவியின் தாய்நாடான நெதர்லாந்தில் குடியேறி, ஹேக் நகரில் தொழிலைத் தொடர்ந்தார். அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தும் அவர் போகவில்லை. 1940இல் ஜெர்மன் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியது. 1943இல் குடும்பம் தலைமறைவானது. அந்த வீட்டில் எரிவாயு அதிகம் செலவாவதை மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் கவனித்ததால் காட்டிக்கொடுக்கப்பட்டனர் என்று கூறப்படுகிறது. எத்தனையோ மண்டபங்களில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தவரால் ஒரு சிறு வீட்டில் மறைந்திருக்க முடியவில்லை. வெஸ்டர்போர்க், தெரேசியன்ஸ்டாட் முகாம்களைக் கடந்து ஆஷ்விட்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1944 ஜூலையில் கொல்லப்பட்டார். மனைவியும் இளைய மகனும் உயிர் பிழைக்கவில்லை. போரைக் கைவிடுவதாக நாடுகள் கையெழுத்திட்ட காட்சியைப் படமெடுத்தவரின் முடிவு இது.

இங்கிலாந்தில் இருந்த மூத்த மகன் மட்டும் தப்பினார். தந்தை மறைத்து வைத்திருந்த படச்சுருள்களையும் தகடுகளையும் தேடிச் சேர்த்தவர் அவரே. மண்ணில் புதைக்கப்பட்டவற்றுள் சில ஈரத்தால் பாழாகியிருந்தன. எஞ்சியவை இன்று பெர்லின் அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளன. 1971 முதல் ஜெர்மன் புகைப்படக் கழகம் சாலமோன் பெயரில் விருது வழங்கி வருகிறது.

இந்த ஆண்டு நாடக இரவுக்கு, எஃப் 2 வில்லை பொருத்திய பழைய கையடக்க கேமரா ஒன்றையும் ஐஎஸ்ஓ 800 படச்சுருளையும் வாங்கினேன். அதில் பிளாஷே கிடையாது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, முழங்கையை முன்னிருக்கையின் மேல் ஊன்றி, மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். 36 படங்களில் தேறியவை ஏழுதான். அவற்றுள் ஒன்றில், பக்கத்திரையின் மறைவில் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி, மேடையில் இருப்பவர் மறந்த வரியை உதட்டசைவில் எடுத்துக் கொடுக்கிறாள். நான் படம் எடுத்தது அவளுக்குத் தெரியாது. மறுநாள் அவளிடம் காட்டி அனுமதி கேட்ட பிறகே அதைப் பேரவையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

நல்ல கேமரா எது என்று கேட்போருக்கு எஃப் எண்ணைப் பாருங்கள் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இடையூறு செய்யாமல் உட்காரவும், வெளிச்சத்தைப் போலவே மனிதர்களையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளவும் நாமேதான் பழக வேண்டும்.