சுடரில்லா விளக்குத் தந்த ஸ்வான்

மின்விளக்கு என்றதும் எடிசனின் பெயரே நம் நாவில் வருகின்றது. அப்பெருமகனாரின் புகழைக் குறைப்பது நம் கருத்தன்று. ஆயினும், அவருக்கு முன்னரே அம்முயற்சியில் இறங்கிப் பல்லாண்டு உழைத்து, அவ்விளக்கைச் சுரங்கத் தொழிலாளியின் கையிலும் கொடுக்க முனைந்த மற்றொருவரை நாம் மறத்தல் தகாது. அவரே ஸர் ஜோஸப் ஸ்வான். நிலக்கரி வேகன்களின் கணக்கை நாள்தோறும் எழுதும் நம் போன்றோர், அக்கரி எத்தகைய இருளினின்று வெட்டப்பட்டு வருகின்றது என்பதை அவர் வரலாற்றின் வாயிலாக அறியலாம்.

ஸ்வான் 1828-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வட இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் பிறந்தார். அது நிலக்கரிக் கப்பல்கள் புறப்படும் துறைமுகம், சுற்றிலும் சுரங்கங்கள். இளமையிலேயே மருந்துக் கடையொன்றில் தொழில் பழகப் புகுந்த அவர், பின்னர் நியூகாசில் நகரில் மருந்து வணிகரான ஜான் மாசனுடன் சேர்ந்து உழைத்தார். பல்கலைக்கழகம் அவருக்கு வாய்க்கவில்லை. நூல்களும் சொற்பொழிவுகளும் சோதனைக் குப்பிகளுமே அவருக்கு ஆசான்களாயின.

அந்நாளில் சுரங்கத்தின் பெரும்பகை கொள்ளிவாயு. கரிப் படுகையினின்று கசியும் இவ்வாயு காற்றோடு கலந்து நிற்க, தீச்சுடர் பட்டால் வெடித்துவிடும். 1812-இல் பெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இவ்வாறு மாண்டனர். 1815-இல் ஸர் ஹம்பிரி டேவி, சுடரைச் சுற்றிக் கம்பிவலை அமைத்த விளக்கைக் கண்டார். இரயில் எஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனும் அதே ஆண்டில் தாமாக ஒரு காப்பு விளக்கை ஆக்கினார். எனினும் அவ்விளக்குகளின் ஒளி மங்கல். காற்று வேகமாக வீசினால் சுடர் வலையைக் கடந்துவிடும் அச்சமும் இருந்தது. சுடரே இல்லாத விளக்கு வேண்டும் என்னும் தேவை அவ்வாறு எழுந்தது.

ஸ்வான் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கரியாக்கிய காகித இழையில் மின்சாரம் செலுத்தி ஒளி காண முயன்றார். குப்பியினுள் காற்று எஞ்சியதால் இழை விரைவில் எரிந்துபோயிற்று. மனம் தளராது காத்திருந்தார். நல்ல வெற்றிடம் உண்டாக்கும் பாதரசப் பம்பு வந்தபின் மீண்டும் அப்பணியைத் தொடர்ந்து, 1879-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூகாசில் மக்களுக்குத் தம் விளக்கை எரித்துக் காட்டினார்.

1880 செப்டம்பர் 8-ஆம் நாள், அவர் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள ஸீஹம் சுரங்கம் வெடித்து 164 உயிர்கள் மடிந்தன. ஆறு வாரம் சென்று, அக்டோபர் 20-ஆம் நாள், நியூகாசில் மண்டபமொன்றில் 70 வாயு விளக்குகளைத் தணித்துவிட்டு, 20 மின்விளக்குகளால் அவையை ஒளிரச் செய்தார் ஸ்வான். மறு ஆண்டிலேயே சுரங்கப் பொறியாளர் முன்னிலையில் தம் காப்பு மின்விளக்கைக் காட்டினார். அதே 1881-இல் ஸ்காட்லாந்தின் எர்னாக் சுரங்கத்தில் அவர் விளக்குகள் எரிந்தன.

ஆனால் வெற்றி எளிதில் கைகூடவில்லை. பாட்டரியோ பெருஞ்சுமை; விலையோ அதிகம். குப்பி உடைந்தால் சிவந்த இழையே தீமூட்டக்கூடும். எல்லாவற்றிற்கும் மேலாக, எண்ணெய் விளக்கின் சுடர் கொள்ளிவாயு கலந்தால் நீலத்தொப்பி அணிந்து எச்சரிக்கும். மின்விளக்கோ ஒன்றும் உரைக்காது. ஆகவே மின்விளக்கு பரவிய பின்னும், வாயுவைச் சோதிக்க எண்ணெய் விளக்கு நெடுங்காலம் உடனிருந்தது.

1912-இல் பிரிட்டனில் மின் காப்பு விளக்குகளுக்கென நடந்த போட்டியில் ஜெர்மானிய விளக்கொன்று முதலிடம் பெற்றது. மறு ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ஸெங்ஹெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர் மாண்டனர். மின்மணிக் கம்பியின் பொறி காரணமாயிருக்கலாம் என ஐயுறப்பட்டது. மின்சாரமும் முறையாகக் காக்கப்பட்டாலன்றித் துணையாகாது என்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

1904-இல் ஸர் பட்டம் பெற்ற ஸ்வான், 1914 மே 27-ஆம் நாள் தமது 85-ஆம் வயதில் காலமானார். 1883-இல் எடிசனும் அவரும் வழக்காடுவதை விடுத்து இங்கிலாந்தில் ஒரே கம்பெனியாக இணைந்தமை அவர்தம் பெருந்தன்மைக்குச் சான்று. இன்று சுரங்கத் தொழிலாளியின் தலைக்கவசத்தில் இலேசான மின்விளக்கு ஒளிர்கின்றது. வாயுவைக் காட்டத் தனிக் கருவியும் வந்துள்ளது. அரங்கிற்கும் மாளிகைக்கும் விரைந்து சென்ற ஒளி, சுரங்கத்தை அடையப் பல்லாண்டு பிடித்தது. மிகவும் தேவைப்பட்டவனை மிகவும் பிந்தியே அடைந்தது. எந்தக் கண்டுபிடிப்பும் கடைசி மனிதன் கையில் சேரும்போதுதான் நிறைவு பெறுகின்றது. நம் காலனிச் சிறுவர்கள் வீட்டில் பொத்தானை அழுத்தும்போது இதனை ஒருகணம் எண்ணுவாராக.