கேள்விக்குறி போட்ட டாக்டர்

பால்டிக் கடற்கரையில் டான்சிக் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அந்தக் காலத்தில் அது ஜெர்மனியைச் சேர்ந்தது. இன்று போலந்து நாட்டில், கிடான்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது.

அந்தப் பட்டணத்து டாக்டர் ஒருவரிடம் 38 வயது நோயாளி ஒருவர் வந்து சேர்ந்தார். திடீர் என்று அவருக்குத் தலை சுற்றியது. நினைவு தப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் விசித்திரம்! முகத்தில் இடது பக்கம் வலித்தது. உடம்பிலோ வலது பக்கம் மரத்துவிட்டது. சாப்பிட்டது தொண்டையில் இறங்கவில்லை. குரல் நரம்பின் இடது பாதி அசையவில்லை. நிற்க வைத்தால் இடது பக்கமாகச் சாய்ந்தார். இத்தனைக்கும் கை கால்களில் பலம் குறையவே இல்லை.

முகத்தில் ஒரு பக்கம், உடம்பில் மறு பக்கம். இது என்ன நோய்?

அந்த டாக்டரின் பெயர் அடால்ப் வாலன்பர்க். 1862ம் ஆண்டு நவம்பர் 10ந் தேதி டான்சிக்குக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். யூத குலத்தவர். 1886ல் டாக்டர் பட்டம் பெற்று டான்சிக்கிலேயே தொழில் நடத்தினார்.

தலைக்குள் பார்க்க அன்று எந்தக் கருவியும் கிடையாது. எக்ஸ்ரே கதிரே 1895ம் ஆண்டு கடைசியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலும் மூளையின் சதை தெரியாது. மூளையைப் படம் எடுக்கும் ஸ்கேன் 1970களில்தான் வந்தது. வாலன்பர்க்குக்கு இருந்தது கண்ணும் கையும், மூளையின் நரம்புகளைப் பற்றிய படிப்பும்தான்.

அவர் நோயாளியின் உடம்பை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். மரத்துப்போன வலது பக்கத்தில் வலி தெரியவில்லை. சூடு தெரியவில்லை, குளிர்ச்சி தெரியவில்லை. ஆனால் தொட்டால் மட்டும் தெரிந்தது!

எங்கே உடைப்பு?

வாய்க்கால் உடைந்தால் கரை நெடுக நடந்து தேட வேண்டியது இல்லை. எந்த வயல் காய்ந்திருக்கிறது, எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தால் போதும். உடைப்பு எங்கே என்று விவசாயி சொல்லிவிடுவார். வாலன்பர்க் செய்ததும் அதுதான்.

மூளையின் அடியில் ஒரு தண்டு இருக்கிறது. அதன் கடைசிப் பகுதிக்கு முகுளம் என்று பெயர். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். மூளைக்கும் உடம்புக்கும் இடையே ஓடும் நரம்புப் பாதைகள் அதன் வழியாகத்தான் போகின்றன.

உடம்பின் வலது பக்கத்தில் ஊசி குத்தினால், அந்த வலி முதுகுத் தண்டிலேயே இடது பக்கம் தாண்டி, பிறகு மேலே ஏறுகிறது. இடது முகத்தின் வலியோ முகுளத்தின் இடது பக்கத்தில் இறங்கிய பிறகுதான் மறு பக்கம் தாண்டுகிறது. ஆகவே முகுளத்தின் இடது ஓரத்தில், இடது முகத்தின் பாதையும் வலது உடம்பின் பாதையும் அக்கம் பக்கத்தில் ஓடுகின்றன. விழுங்குவதற்கும் பேசுவதற்கும் உள்ள நரம்புகள் புறப்படுவதும் அதன் அருகேதான். உடம்பு தள்ளாடாமல் காக்கும் நரம்புகளும் அங்கேயே இருக்கின்றன.

கை கால்களுக்குப் பலம் தரும் பாதை முகுளத்தின் முன் பக்கத்தில் ஓடுகிறது. தொடு உணர்ச்சியின் பாதை வேறு. இரண்டும் தப்பிவிட்டன. அப்படியானால் கெட்டது இடது ஓரம் மட்டும்தான்! அந்த ஓரத்துக்கு ரத்தம் கொடுப்பது, சிறுமூளையின் அடிப்பாகத்துக்குப் போகும் ஒரு சிறு ரத்தக் குழாய். அது அடைத்திருக்க வேண்டும் என்று வாலன்பர்க் முடிவு கட்டினார்.

1895ல் இதைக் கட்டுரையாக எழுதினார். தலைப்பில் அந்த ரத்தக் குழாயின் பெயரைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார். நேரில் பார்க்காததை நிச்சயம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

சில ஆண்டுகளில் அந்த நோயாளி இறந்து போனார். வாலன்பர்க் அவருடைய மூளையைச் சோதித்தார். முகுளத்தின் இடது ஓரம் கெட்டுப் போயிருந்தது. அவர் சொன்ன அதே இடம்! 1901ல் அந்த விவரத்தை வெளியிட்டார். அன்று முதல் இந்த நோய்க்கு வாலன்பர்க் நோய் என்றே பெயர் வழங்குகிறது.

ஜெனீவா டாக்டர் வியூசோ என்பவர் இதே நோய் தமக்கே வந்து, கண்ட குறிகளைச் சொல்லி வைத்ததும் உண்டு. அது 1800களின் தொடக்கத்தில். ஆனால் இடத்தைக் காட்டியவர் வாலன்பர்க்தான்.

கேள்விக்குறி போட்டதும் நல்லதாகப் போயிற்று. பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்தச் சிறு குழாயில் அல்ல, அது கிளைக்கும் பெரிய குழாயில்தான் அடைப்பு என்று 1961ல் தெரிய வந்தது.

கை கால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நோயில் கை கால் விழுவது இல்லை. திடீர் என்று தலை சுற்றி, தள்ளாட்டம் கண்டு, குரல் கம்மி, தண்ணீர் விழுங்க முடியாமல் போனால், பித்தம் என்று வீட்டில் படுக்க வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

முதுமையில் துயரம்

வாலன்பர்க் 1907 முதல் 1928 வரை டான்சிக் ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் மூளை ஆராய்ச்சியை விடவில்லை.

பிறகு நாஜிகளின் கை ஓங்கியது. வாலன்பர்க் யூதர் அல்லவா? 1938ல் பிறந்த மண்ணை விட்டுக் கிளம்பினார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் சில ஆண்டுகள் இருந்தார். 1943ல் அமெரிக்கா போனார். அப்போது வயது 80! இல்லினாய்ஸ் மாநிலத்தில், மான்டினோ ஆஸ்பத்திரியில் அங்குள்ள டாக்டர்களுக்கு மூளையைப் பற்றிப் பாடம் சொன்னார்.

டான்சிக்குக்கு அவர் திரும்பவே இல்லை. 1949ம் ஆண்டு, 86வது வயதில், அமெரிக்காவிலேயே காலமானார்.