வெறுங்கால் வீரர் முகம்மது சலீம்

மாலை வேளையிலே குருநகர்க் கரையோரமாக நடந்து செல்வோர் காணும் காட்சி ஒன்றுண்டு. வலைகள் காயும் மணற்பரப்பின் ஒரு பக்கத்தில் சிறுவர் கூட்டமொன்று பந்தை உதைத்து விளையாடிக்கொண்டிருக்கும். காலிற் சப்பாத்து இராது. கோல் கம்பங்களுக்குப் பதிலாக இரண்டு கற்களோ, கழற்றி வைத்த சட்டைகளோ கிடக்கும். இதனைக் காணுந்தோறும், ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வெறுங்காலோடு ஸ்கொட்லாந்து சென்று அந்நாட்டவரை வியப்பில் ஆழ்த்திய ஒருவரின் நினைவே எமக்கு எழுகின்றது. அவர்தாம் கல்கத்தாவின் புகழ்பெற்ற முன்வரிசை ஆட்டக்காரர் முகம்மது சலீம். அவருடைய வரலாற்றை எம் இளைஞர் அறிந்திருத்தல் நன்றென எண்ணி, இம்மலரிற் சுருக்கமாகத் தருகின்றோம்.

சலீம் 1904ஆம் ஆண்டிலே கல்கத்தா நகரின் மெட்டியாபுரூஸ் என்னும் பகுதியிற் பிறந்தார். ஹூக்ளி நதிக் கரையிலே கப்பற்றுறையை அடுத்து, உழைப்பாளிகள் நெருங்கி வாழும் இடம் அது. அவருக்கு ஏழு வயதாயிருக்கையில், 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் தேதி, மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யோர்க்‌ஷயர் படையணியை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றினர். ஆண்ட இனத்தாரின் சப்பாத்துக் கால்களை ஆளப்பட்டோரின் வெறுங்கால்கள் வென்ற செய்தி வங்கமெங்கும் பரவிற்று. அந்த வெற்றியின் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவரே சலீம்.

அவர் கல்கத்தாவிற் பல கழகங்களில் ஆடித் தேர்ச்சி பெற்றபின், முகம்மதன் ஸ்போட்டிங் கழகத்திற் சேர்ந்தார். வலப்புற ஓரமாகப் பந்தைக் கொண்டு விரைந்து, எதிரணியினரைத் தடுமாறவைத்து, கோல் முனையில் நிற்கும் தோழருக்கு அளவறிந்து கொடுப்பதே அவருடைய தனித்திறமை. கல்கத்தா லீக் போட்டி 1898ஆம் ஆண்டிலே தொடங்கியது. அன்று முதல் 1933 வரை வெற்றிக் கிண்ணம் வெள்ளையர் கைகளைவிட்டு நீங்கியதில்லை. 1934ஆம் ஆண்டில் முகம்மதன் ஸ்போட்டிங் அதனை வென்றது. அதன் பின்னரும் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பெருமை அக்கழகத்துக்கே உரியதாயிற்று.

1936ஆம் ஆண்டிலே, பெர்லின் ஒலிம்பிக் விழாவுக்குச் செல்லும் வழியிற் சீன நாட்டுக் குழுவினர் கல்கத்தாவில் ஆடினர். அவர்களை எதிர்த்தாடியோருள் சலீமும் ஒருவர். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. பிரித்தானியாவில் வாழ்ந்த ஹாசீம் என்னும் உறவினர், ஐரோப்பாவில் ஆடிப் பார்க்கும்படி தூண்டி, அவரைக் கப்பலேற்றிவிட்டார்!

கிளாஸ்கோ நகரத்துச் செல்ரிக் கழகம் அப்போது ஸ்கொட்லாந்தின் வெற்றிவீரராக விளங்கியது. ஆட்டக்காரர்கள் சம்பளம் பெற்று ஆடும் பெருங்கழகம் அது. அதன் தலைவரான வில்லி மேலியிடம் சென்று, வெறுங்காலோடு ஆடும் ஒருவரைப் பரீட்சித்துப் பார்க்கும்படி ஹாசீம் கேட்டார். மேலிக்கு அது வேடிக்கையாகவே தோன்றியது. எனினும் ஒரு வாய்ப்பு அளித்தார். சலீம் பந்தைத் தொட்ட பின்னர் அந்த ஐயம் எவருக்கும் எஞ்சவில்லை. பயிற்சியாளரும் முன்னாளிற் சிறந்த முன்வரிசை வீரருமான ஜிம்மி மக்மெனமி, சலீமின் பாதங்களுக்குக் கட்டுத்துணி சுற்றிவிடும் புகைப்படம் இன்றும் உண்டு. பெயர்பெற்ற ஸ்கொட்லாந்து வீரர் ஒருவர், குடியேற்ற நாட்டிலிருந்து வந்த ஒருவரின் கால்களைக் கையில் ஏந்தியிருக்கும் காட்சி அது.

சலீம் அங்கே இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஆகஸ்ட் 28ஆந் தேதி கால்ஸ்டன் அணியை எதிர்த்து ஆடியபோது, செல்ரிக் ஏழு கோல்கள் போட்டது. அவற்றுள் மூன்று சலீம் வகுத்துக் கொடுத்தவை. அன்று தண்டனை உதை ஒன்று கிடைக்க, அதனை அடிக்கும்படி அவரை வேண்டினர். அவரோ கூச்சத்தினால் மறுத்துவிட்டார். ஒரே உதையிற் பெயர் பெறக்கூடிய வாய்ப்பையும் பிறருக்கு விட்டுக்கொடுத்த அவ்வடக்கத்தை எம் இளைஞர் சிந்திப்பார்களாக.

ஐரோப்பியக் கழகமொன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. தம்மோடு தங்கும்படி செல்ரிக் கழகத்தார் வேண்டினர். ஜெர்மனியிலிருந்தும் அழைப்பு வந்ததென்பர். ஆனால் ஊர் நினைவு சலீமை வாட்டியது. மொழி தெரியாத நாட்டிலே, குளிர் நிலத்திலே, அவர் மனம் ஒட்டவில்லை. அவரது பொருட்டு ஒரு தர்ம ஆட்டம் நடத்தி, வரும்படியில் நூற்றுக்கு ஐந்து வீதம் கொடுக்க முன்வந்தபோதும், அதனை அநாதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடும்படி அவர் கூறினார் என்று அவர் வரலாறு சொல்லும். வறியவரின் பசி தீர்க்கவென்று 1887ஆம் ஆண்டிலே ஒரு துறவியாற் தொடங்கப்பட்ட கழகத்துக்கு, இதனினும் பொருத்தமான பிரிவுபசாரம் வேறில்லை.

பின்னர் அவர் கல்கத்தா திரும்பித் தம் பழைய கழகத்திலே ஆடினார். கைக்கெட்டிய செல்வத்தை இழந்துவிட்டாரென்று இரங்குவோரும் உளர். நாம் அவ்வாறு இரங்குவதற்கில்லை. கடல் கடந்து சென்று தம் திறமையை அளந்து பார்த்தார். அது குறைந்ததன்று என்று கண்டார். பின் தம் மனம் விரும்பிய இடத்துக்கு மீண்டார். போனதும் அவர் துணிவே, மீண்டதும் அவர் துணிவே. இன்று எம் பிள்ளைகளுட் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். போனவர் மீள்வதைத் தோல்வியென்று எண்ணுவோருக்கு இவர் வாழ்க்கை ஒரு விடையாகும்.

காலம் சென்றது, அவர் பெயரும் மங்கியது. முதுமையில் அவர் நோயுற்றபோது, மகன் செல்ரிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுமொழியோடு நூறு பவுணுக்கான காசோலையும் வந்தது. மகன் அதை மாற்றவில்லை. தந்தையின் பெயர் அங்கே மறக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாக வைத்துக்கொண்டார். சலீம் 1980ஆம் ஆண்டிலே காலமானார்.

இளைஞர்களே! எம் ஊரிலும் வெறுங்காலோடு பந்தாடிப் பார்த்தோரை மகிழ்வித்த பெரியோர் பலர் இருந்தனர். சிலர் இன்னும் எம் மத்தியில் உள்ளனர். அவர்கள் ஆடிய ஆட்டங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. சலீமுக்கு ஒரு புகைப்படமும் ஒரு கடிதமுமாவது எஞ்சின. எங்கள் முதியோருக்கு எஞ்சப்போவது நீங்கள் கேட்டு எழுதி வைப்பது மாத்திரமே. இன்று மாலையே அவர்கள் வீட்டுத் திண்ணையிற் போய் அமர்ந்து கேளுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவர்கள் வரலாற்றை வெளியிட நாம் காத்திருக்கின்றோம்.