உடுவிலில் துயிலும் ஹரியற் அம்மையார்



ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலும் ஐரோப்பாவிலுமிருந்து நம் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். அப்பப்பாவின் வளவு எது, கிணறு எது என்று கேட்டுக் கேட்டுப் பார்க்கிறார்கள். பெற்றோருக்கு அது ஊர். பிள்ளைகளுக்கோ முதன்முறை காணும் தூரதேசம். உடுவிலில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு இதே பயணம் தலைகீழாக நேர்ந்தது. அவனுடைய கதையைத் தாயாரின் கதையோடு சேர்த்தே சொல்லவேண்டும்.

ஹரியற் லேத்றொப் 1796 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில், நோர்விச் நகரிலே பிறந்தவர். 1819 சனவரியில் மைரன் வின்சிலோ பாதிரியாரை மணந்தார். அதே ஆண்டு யூன் மாதத்தில் இருவரும் பொஸ்ரன் துறைமுகத்தில் 'இன்டஸ்' என்னும் பாய்க்கப்பல் ஏறி, கல்கத்தா வழியாக இலங்கையை அடைந்தனர். 1820 இல் உடுவிலில் குடியேறினர். போர்த்துக்கேயர் காலத்துக் கோயிற் கட்டடங்கள் இடிந்து கிடந்த வளவு அது. நம் பழைய குருமாரின் காலடி பட்ட மண் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்வோம்.

அந்நாளில் பெண்பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது யாழ்ப்பாணத்தில் இழுக்கு. கோயிலில் ஆடும் பெண்களுக்கே ஏடும் எழுத்தும் உரியவை என்று எண்ணிய காலம். மழைக்கு ஒதுங்கி மிஷன் வீட்டிலே சோறுண்ட இரு சிறுமிகளிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று என்று ஊரிலே ஒரு கதை உண்டு. எப்படியாயினும், 1824 இல் அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது என்று சொல்லப்படும் அதுவே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் மாணவிக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது! இதைச் சிலர் குறை சொல்வர். சீதனமின்றிப் பெண் கரையேறாத ஊரில் வேறு வழி என்ன இருந்தது என்று நான் கேட்பேன். நமது திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தது 1862 இல்தான். அக்காலத்தில் நாமும் அவர்களும் ஒருவரையொருவர் நட்போடு பார்க்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

மூத்த மகன் சாள்ஸ் 1821 சனவரியில் பிறந்தான். பனையும் கிணறும் தமிழ் பேசும் தோழருமே அவன் கண்ட உலகம். ஆயினும் மிஷன் வீடுகளில் பிள்ளைகளைக் கல்விக்காக அமெரிக்கா அனுப்புவது வழக்கம். தாய் தந்தையரின் வாயிலே 'வீடு' என்று கேட்டிருந்த, தான் ஒருநாளும் காணாத நாட்டுக்கு அவனும் கப்பலேறினான். தாய் கரையில் நின்றார். அங்கே போய்ச் சேர்ந்து நெடுநாள் செல்லுமுன், 1832 மே 24 ஆம் நாள், நியூயோர்க் நகரில் இறந்துபோனான். வயது 11. ஒரு கடிதம் வந்துசேரவே பல மாதங்கள் செல்லும் காலம் அது. மகன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று எண்ணியபடி அத்தாய் எத்தனை இரவுகள் அவனுக்காகச் செபித்திருப்பார்!

எட்டு மாதம் நிறையுமுன், 1833 சனவரி 14 ஆம் நாள், ஹரியற் அம்மையாரும் கண்மூடினார். வயது 36. பிறந்த ஊரை மறுபடி அவர் காணவில்லை. புதிய அமெரிக்க மிஷனெறிகள் இலங்கைக்கு வர ஆங்கில ஆட்சி விதித்திருந்த தடை நீங்கியதும் அதே ஆண்டிற்றான். பின்னர் அவருடைய தங்கைமார் மூவர் இப்பணிக்கென்றே கீழ்த்திசை வந்தனர். வரவேற்க அக்கா இல்லை.

வின்சிலோ பாதிரியார் பிற்பாடு சென்னையில் இருந்து, யோசேப் நைற் முதலியோர் தொடக்கிய தமிழ்–ஆங்கில அகராதியை 1862 இல் நிறைவேற்றினார். 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட நூல். 1864 இல் தாய்நாடு திரும்புகையில் நன்னம்பிக்கை முனையிலே மரணமானார். அவரும் வீடு சேரவில்லை.

தாயின் பெயரையே தாங்கிய மகள் ஹரியற், ஜோன் வெல்ஷ் டலஸ் என்பவரை மணந்தார். அவர்களுடைய பேரன்மாரில் ஒருவர்தான் 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராசாங்கச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ். அவர் 1956 மார்ச்சில் அரசுப் பயணமாகக் கொழும்புக்கு வந்தார். பூட்டியார் வாழ்ந்து மடிந்த தீவு அது.

அவருடைய மகன் ஏவறி டலஸ், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், 1940 இல், கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். பின் இயேசு சபைக் குருவானார். இறையியல் அறிஞராக உலகெங்கும் பெயர் பெற்றார். 2001 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். 2008 திசெம்பரில் இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய பூட்டியாரின் தாயார் உறங்குவது, வாசகரே, மருதனார்மடச் சந்திக்கு அண்மையில், நாம் அடிக்கடி கடந்துபோகும் உடுவிலிலேதான்.