குற்றத்தைப் பிறப்பில் தேடாதவர்: டு பாய்ஸ்

ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரையாகக் காட்டுவதற்குப் புள்ளிவிவரங்கள் எவ்வாறு ஆயுதமாகின்றன? இக்கேள்விக்கு விடை தேடும் நாம் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸின் வாழ்வை வாசித்தாக வேண்டும்.

1868இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டே, காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளரான பிரடெரிக் ஹாப்மன், சிறைக் கணக்குகளைச் சான்றாக்கி, குற்றம் கறுப்பின மக்களின் பிறவிக்குணம் என வாதிடும் நூலை வெளியிட்டார். டு பாய்ஸ் அதை மறுத்தெழுதினார். பிலடெல்பியாவின் ஏழாம் வட்டத்தில் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டினார். வரலாறு, பொருளியல், சமூகவியல், புள்ளியியல் ஆகியவற்றை இணைத்து 1899இல் அவர் வெளியிட்ட ஆய்வு, அடிமைமுறையின் எச்சத்தையும், இடப்பெயர்வையும், மறுக்கப்பட்ட வேலைகளையும் குற்றத்தின் காரணிகளாகக் காட்டியது. கறுப்பினத்தவர் அற்பக் காரணங்களுக்கே கைதாகி நீண்ட தண்டனை பெறுவதையும், எனவே சிறைக் கணக்கு குற்றத்தின் நேரடி அளவுகோல் ஆகாது என்பதையும் அது சுட்டியது. கைதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் தென்மாநில வழக்கம், அடிமைமுறையின் மறுவடிவம் என்பதை 1901இல் விளக்கினார்.

உண்மையை நிறுவினால் அநீதி தானே விலகும் என்று அவர் நம்பியிருந்தார். 1899 ஏப்ரலில், சாம் ஹோஸ் என்ற தொழிலாளியின் வழக்கு குறித்து நிதானமான அறிக்கை ஒன்றை எழுதி, அட்லாண்டா நாளிதழ் அலுவலகத்துக்கு நடந்து சென்றார். ஹோஸ் கும்பலால் கொல்லப்பட்டதும், அவருடைய விரல் மூட்டுகள் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதும் வழியில் தெரியவந்தன. அவர் திரும்பிவிட்டார். ஆய்வகத்துக்குள் அடைபட்ட அறிவு போதாது என்பதை அந்நாள் அவருக்கு உணர்த்தியது.

1910இல் பல்கலைக்கழகப் பணியைத் துறந்து, 'கிரைசிஸ்' இதழைத் தொடங்கினார். 1916இல் வேக்கோ நகரக் கும்பல் கொலை பற்றிய விசாரணை அறிக்கையைப் புகைப்படங்களுடன் அதில் அச்சிட்டார். 1919இல் இதழ் 1,00,000 படிகளை எட்டியது. ஆய்வு மக்கள் கைக்கு வந்தது.

ஐ.நா.வில் கறுப்பின மக்கள் அளித்த மனு குறித்து 1946இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸும் பரிவுடன் பதிலளித்தார். 1963இல் கானாவின் அக்ரா நகரில் அவர் மறைந்தார்.

குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் நிழல் இந்நாட்டில் இன்னும் விலகவில்லை. சிறைகளில் நிலவிய சாதிப் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் 2024இல் செல்லாததாக்கியதற்கு, பத்திரிகையாளர் ஒருவர் வெளியிட்ட புலனாய்வே அடிப்படை. ஆகவே, காவல்நிலையப் பதிவுகளையும் சிறைக் கணக்குகளையும் நாமே ஆராய்வோம்; கண்டதை மக்கள் மொழியில் மக்களிடமே சேர்ப்போம்.