புல்வெளியை இழந்த பறவை மனிதர்

இலண்டன் ஹைட் பார்க்கில் 1925இல் திறக்கப்பட்ட ஒரு கற்சிற்பம் உண்டு. அது வில்லியம் ஹென்றி ஹட்சனின் நினைவுச்சின்னம். அவரும் நம்மைப்போல் வந்தேறியவர்தான்.

1841இல் ஆர்ஜென்ரீனாவின் பம்பாஸ் புல்வெளியில் பிறந்தார். 1874இல் இங்கிலாந்து வந்தவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பவேயில்லை. மனைவி நடத்திய தங்குவிடுதி நொடித்தது, வறுமையிலும் எழுதினார். வேலியும் கலப்பையும் பம்பாஸை விழுங்க, அங்கிருந்த பறவைகள் அருகியதை 1892இல் பதிவுசெய்தார். 1898இல் இலண்டன் பறவைகள் பற்றி நூல் எழுதினார். அறுபதாவது வயதில்தான் அரச உதவித்தொகை கிடைத்தது. 1922இல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியைப் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்துக்கே எழுதிவைத்திருந்தார். நான் கணக்காளன், ஒருவரின் மனம் எங்கே இருந்தது என்பதை உயில் சொல்லும் என்று நம்புபவன்.

அவர் அஞ்சியது இங்கும் நடக்கிறது. வானம்பாடி புல்லுக்குள், வெறும் தரையில் கூடு கட்டும். குளிரும் மழையும் நீடித்தால் குஞ்சுகள் விறைக்கும், இரையான பூச்சிகளும் குறையும். வெயில் வந்தால் மீண்டும் முட்டையிடும். ஆனால் புல்லை அடிக்கடி வெட்டினால் அந்த இரண்டாவது வாய்ப்பும் போய்விடும். 1970களுக்குப் பின் பிரித்தானியாவில் வானம்பாடிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டன.

காலநிலை நம் கையில் இல்லை, நிலம் இருக்கிறது. இளவேனிலில் றிச்மண்ட் பார்க் போகும் உறவுகளே, பாதையை விட்டு விலகாதீர்கள், நாயைக் கயிற்றில் பிடியுங்கள். ஒரு குடும்பம் அங்கே குடியிருக்கிறது.