வாக்கர் அம்மையார்

சுருண்ட கூந்தல் நீண்டு வளராது என்னும் நம்பிக்கை அமெரிக்கக் கறுப்பின மக்களையும் பற்றியிருந்த காலம். 1867-இல் லூசியானாவில், அடிமைத்தளை நீங்கிய குடும்பத்தின் முதல் சுதந்திரக் குழந்தையாகப் பிறந்தார் சாரா பிரீட்லவ். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார், இருபதில் கணவரை. செயின்ட் லூயி நகரில் துணி வெளுத்து மகளை வளர்த்த நாட்களில் அவர் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

குழாய்நீர் இல்லாத வீடுகளில் தலைமுழுகுவதே அரிது. பொடுகும் புண்ணும் முடியைத் தின்றன. சுருள்முடி வளராமலில்லை, வளைவுகளில் எளிதில் முறிவதால் வளர்ச்சி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. முதலில் அன்னி மலோனின் முகவராக இருந்த சாரா, 1906-இல் மணந்த கணவர் பெயரால் மேடம் சி. ஜே. வாக்கர் ஆனார், கந்தகம் கலந்த களிம்பைத் தாமே விற்றார். களிம்பினும், தலையை அடிக்கடி கழுவக் கற்பித்ததே பெருந்தொண்டு என்பேன். சூடேற்றிய சீப்பும் அவர் முறையில் உண்டு. ஆயினும் முடியை நேராக்குபவர் என்ற பெயரை அவர் ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் அவருடைய முகவர்களாகிச் சொந்த வருவாய் கண்டனர்.

1919-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற ஹார்லெம் இல்லத்தில், 1927-இல் மகள் அலேலியா கறுப்பினக் கவிஞர்கள் கூடுவதற்கென ஒரு கூடம் திறந்தார். அதன் சுவர்களில் லாங்ஸ்டன் ஹியூஸ், கவுன்டி கல்லன் ஆகியோரின் கவிதைகள் தீட்டப்பட்டிருந்தன.